அணைந்த எஞ்சின், எரிந்த விளக்கு

ஷட்டர் தடதடவென்று இறங்கியபோது என் பாதி உயிர் போய்விட்டது. வெளியே பூட்டு விழுந்தபோது மீதியும் போனது.

"தலைவரே! நாங்க உள்ள இருக்கோம்!"

"தெரியும் தம்பி," என்றது ஷட்டருக்கு அந்தப் பக்கத்துக் குரல், நிதானமாக. "சாப்பிட்டுட்டு வந்துடறேன். சாவி வெச்சிருக்கறவன் வெளிய போனா ஷட்டர் பூட்டித்தான் இருக்கணும். உள்ள யார் இருந்தாலும் சரி. சங்கத்து ரூல்."

"ரூலா? உங்க ரூலைக் கொண்டுபோய்..."

"கொழுந்தனாரே," என்றாள் அண்ணி பின்னாலிருந்து. "சாவி அவர் கையில இருக்கு. வாயைக் கொஞ்சம் அடக்குங்க."

அதற்குள் செருப்புச் சத்தம் தேய்ந்து போயிருந்தது. பக்கத்து மரவாடியில் ரம்பம் மறுபடி கிறீச்சிடத் தொடங்கியது. இனி நான் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்கே கேட்காது.

எனக்கு மூடிய இடம் ஆகாது. லிஃப்டில்கூட ஏறமாட்டேன். மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறுவதைப் பார்த்து, உடம்பைக் குறைக்கிறீர்களா என்று கேட்பவர்களிடம் ஆமாம் என்று கூசாமல் பொய் சொல்வேன். அப்பேர்ப்பட்ட என்னை, ஜன்னலே இல்லாத ஒரு கோடவுனில், உச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் தலைவர். போன் பண்ணலாமே என்கிறீர்களா? 'பெட்ரோல் இருக்கற இடம்' என்று வாசலிலேயே ஒரு தட்டை நீட்டி, எங்கள் இரண்டு போனையும் வாங்கி வெளியே வைத்துவிட்டார் மனிதர். அதுவும் ரூலாம்.

அண்ணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பினாள். அண்ணன் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான், அண்ணி ஊரைப் பார்த்துக்கொள்கிறாள், நான் நடுவில் இப்படி எங்காவது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

இந்தத் தடவை மாட்டிக்கொண்டது ஒரு மெக்கானிக்குக்காக. ஊரில் அவருக்குப் பெயரே 'ஒத்தை வயர்'. பழைய மோட்டார் சைக்கிளை அவரிடம் விட்டால், துணி சுற்றி, பாதி கருகி, மணிக்கட்டுப் பருமனுக்கு இருக்கும் வயர்க் கொத்தை மொத்தமாக உருவிக் குப்பையில் போட்டுவிட்டு, நாலைந்து வயரிலேயே வண்டியை ஓட வைத்துவிடுவார். போன வாரம், இருட்டத் தொடங்கிய நேரம், தெருவிளக்கு இல்லாத கால்வாய்க்கரை ரோட்டில் அவருடைய மச்சானை, அதாவது மனைவியின் அண்ணனை, ஒரு பச்சை மோட்டார் சைக்கிள் அடித்துப் போட்டுவிட்டது. மச்சான் இன்னும் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. மெக்கானிக்கின் வண்டி பச்சை. அன்று காலையில்தான் இரண்டு பேரும் வீட்டு வாசலில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருந்தார்கள். சாயங்காலம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டால், 'வண்டியை ஓட்டிப் பார்க்கப் போனேன், தனியாத்தான் போனேன்' என்கிறார். லாக்கப்பில் வைக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

காலையில் அவர் மனைவி எங்கள் ஆபீசுக்கு வந்து அழக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இந்தப் பக்கம் கூடப் பொறந்தவன், அந்தப் பக்கம் கட்டினவர். நான் எந்தப் பக்கம் நிக்கறது அக்கா? எங்கம்மா என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டேங்கறாங்க. காலையில நடந்த சண்டையை, 'உன்னை ஒழிச்சுக் கட்டறேன்'னு அவர் கத்தினதை, நான் சாட்சியா சொல்லிக் கையெழுத்துப் போடணுமாம். மத்தியானம் அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. அதுக்கு முன்னாடி போடுங்கறார் இன்ஸ்பெக்டர். அவர்தான் பண்ணினாருன்னா சொல்லிடுங்க, போட்டுடறேன். பண்ணலைன்னா எப்படியாவது சொல்லுங்க."

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் பேனாவைத் தொடாதே," என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி கிளம்பினாள்.

இப்போது எப்படித் திரும்பிப் போவது?

"வேணும்னே பண்றார் அண்ணி. நம்மளை இங்க போட்டுப் பூட்டிட்டா அதுக்குள்ள மெக்கானிக்கைக் கொண்டு போயிடுவாங்க இல்ல?"

"அப்படியும் இருக்கலாம். நெஜமாவே பசியாவும் இருக்கலாம்."

"எனக்கும்தான் பசிக்குது. நான் யாரையாவது பூட்டி வெச்சேனா?"

அண்ணி மெக்கானிக்கின் பச்சை வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்த இடமில்லை என்று, இன்ஸ்பெக்டர் அதைச் சங்கத்தின் பொறுப்பில் இந்தக் கோடவுனிலேயே விட்டு வைத்திருந்தார். அதைப் பார்க்கத்தான் வந்தோம். வந்த இடத்தில் தலைவரே நேரில் பார்த்த சாட்சி என்பதால், சம்பவத்தை நடித்தே காட்டிவிட்டார்.

"அவர் சொன்னதை ஒரு தடவை சொல்லுங்க," என்றாள் அண்ணி.

"எதுக்கு? இப்பத்தானே கேட்டீங்க?"

"சொல்லுங்களேன். உங்களுக்கும் வேர்க்கறது மறக்கும்."

சொன்னேன். தலைவர் கால்வாய்க்கரையில் நடந்து போகிறார். மச்சான் ரோட்டில் விழுந்து கிடக்கிறார். பச்சை வண்டி பக்கத்தில் நிற்கிறது. எஞ்சின் அணைந்திருக்கிறது, சத்தமே இல்லை. அதனால்தான் மெக்கானிக் குனிந்து, 'இனிமே என் வீட்டு வாசலுக்கு வருவியா?' என்று கேட்டது தெளிவாகக் காதில் விழுந்ததாம். வண்டியின் விளக்கு நேராக மச்சான் முகத்தில் அடிக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் இரண்டு பேரையும் அடையாளம் தெரிந்ததாம். பிறகு மெக்கானிக் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்து பறந்துவிட்டாராம்.

"நல்லா நடிச்சார்," என்றேன். "விழுந்து கிடக்கறவரா அவரே படுத்தும் காட்டினார் பாருங்க, அங்கதான் எனக்குக் கைதட்டணும்போல இருந்துச்சு."

கூரை கொதித்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நாலு சுவரும் நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வருவதுபோல் எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. வராது என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

"ஹாரன்!" என்று துள்ளினேன். "அண்ணி, இத்தனை வண்டி இருக்கே! ஹாரன் அடிச்சா யாராவது வர மாட்டாங்களா?"

ஓடிப்போய் வரிசையாக அழுத்திப் பார்த்தேன். மற்ற வண்டிகள் எல்லாம் பொம்மைகள். ஒன்றுக்குச் சக்கரம் இல்லை, ஒன்றுக்கு எஞ்சினே இல்லை, ஒன்றில் ஹாரன் இருந்த இடத்தில் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கடைசியாக மெக்கானிக்கின் வண்டி. அழுத்தினேன். மூச்சில்லை. விளக்கைப் போட்டேன். அதுவும் இல்லை.

"ஒரு வாரமா நிக்குதில்ல? பேட்டரி செத்துப் போயிருக்கும்," என்றேன். "நம்ம நேரம்."

"பேட்டரியா? எங்க இருக்கு?"

"இதோ, சீட்டுக்குக் கீழ, பெட்டி."

கறுப்புப் பெட்டி, பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். அண்ணி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு சீப்பு இருந்தது. ஒரு அழுக்குத் துணி, ஒரு ஸ்பானர், மடித்து வைத்த ஒரு மழை கோட்டு. பேட்டரி இல்லை.

"போலீஸ்காரங்க எடுத்துட்டாங்களா?"

"எடுத்தா வயர் தொங்கணுமே? பாருங்க, இந்தப் பெட்டிக்கு ஒரு வயர்கூட வரலை." அண்ணி எழுந்தாள். அவள் கண்ணில் அந்த மினுக்கம் வந்துவிட்டது. அது வந்தால் எனக்கு வேலை வரும். "ஏறி உதைங்க."

"எதை?"

"வண்டியைத்தான். கோவத்துல சுவரை உதைச்சுடாதீங்க."

பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டு உதைத்தேன். முதல் உதை பொய்த்தது. இரண்டாவதில் எஞ்சின் படபடவென்று பிடித்துக்கொண்டது. முன் விளக்கு பளிச்சென்று எதிர்ச் சுவரில் விழுந்தது.

"அணைங்க."

ஹேண்டிலில் இருந்த சின்ன பட்டனை அழுத்தினேன். எஞ்சின் நின்றது. அதே நொடியில் சுவரும் இருண்டது.

"இன்னொரு தடவை."

உதைத்தேன், எரிந்தது. அணைத்தேன், போய்விட்டது. புகை மட்டும் போகாமல் என் மூக்கிலேயே நின்றது.

"அண்ணி, இதுக்கு மேல ஓட்டினா நம்ம ரெண்டு பேருக்கும் இதுவே கடைசி ஊர்வலம்!" என்று இருமினேன்.

"சைக்கிள் டைனமோ பாத்திருக்கீங்கல்ல?"

"பாத்திருக்கேன். மிதிச்சா எரியும், நின்னா அணையும்."

"இதுவும் அதேதான். அதுதான் ஒத்தை வயர்காரர் வேலை. பேட்டரி, சாவி, நடுவுல இருக்கற நூறு தொந்தரவு, எல்லாத்தையும் தூக்கிட்டார். எஞ்சின் சுத்தினா தானே நெருப்புப்பொறி உண்டாக்கிக்கும், தானே விளக்கெரியும். நின்னா எல்லாம் நிக்கும். பாக்கறதுக்கு அழகா இருக்கட்டும்னு காலிப் பெட்டியை மட்டும் விட்டு வெச்சிருக்கார்." அண்ணி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "இப்ப சொல்லுங்க. தலைவர் என்ன பாத்தாராம்?"

என் மண்டையில் அது இறங்கச் சற்று நேரம் ஆனது. இறங்கியதும் வாய் தானாகத் திறந்தது.

"எஞ்சின் அணைஞ்சிருந்துச்சு. விளக்கு எரிஞ்சுது."

"இந்த வண்டியில அது நடக்கவே நடக்காது."

"அப்ப பொய்யா அண்ணி?"

"பாதிப் பொய். எஞ்சின் அணைஞ்சு விளக்கு எரிஞ்சது நெஜம். கண்ணால பாத்தவர் மாதிரிதான் சொல்றார். ஆனா அவர் பாத்தது வேற வண்டி. ஊர்ல பச்சை வண்டி எத்தனை?"

"ரெண்டே ரெண்டுதான். இது ஒண்ணு, இன்னொண்ணு..." எனக்கு அந்த வெக்கையிலும் சிலிர்த்துவிட்டது. "இன்னொண்ணு தலைவருது! எதிர்ல அவர் வீட்டு முகப்புல நிக்குதே!"

"அடிச்சது அவர் வண்டி. பதறிப்போய் எஞ்சினை அணைச்சிருக்கார். அவர் வண்டியில பேட்டரி இருக்கு, விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. அந்த வெளிச்சத்துல அடிபட்டவர் முகத்தைப் பாத்திருக்கார். அதை மறக்க முடியலை. கதை கட்டும்போது அதையே தூக்கி மெக்கானிக் வண்டியில மாட்டிட்டார்."

"ஏன் அண்ணி, மெக்கானிக்கே இதைச் சொல்லியிருக்கலாமே?"

"அவர்கிட்ட யாரு விளக்கைப் பத்திக் கேட்டாங்க? எங்க இருந்தே, ஏன் சண்டை போட்டே, இவ்வளவுதான் கேட்டிருப்பாங்க. சாட்சி என்ன சொன்னார்னு லாக்கப்புல இருக்கறவனுக்கு எவன் படிச்சுக் காட்டுவான்?"

கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்து? ஒரு மனிதன் வெளியே வரும் வழி எங்களுக்குத் தெரியும், ஆனால் நாங்கள் வெளியே வரும் வழி தெரியவில்லை. அந்தப் பெண் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள். இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டுவார். எனக்கு ஆத்திரம் தாங்காமல் ஷட்டரைப் போட்டு உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம். கீழே தரைக்கும் ஷட்டருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தது. குப்புறப் படுத்து அதில் வாயை வைத்துக் கத்தினேன். ரம்பம் அதையும் சேர்த்து அறுத்துத் தள்ளியது.

"கொழுந்தனாரே, மரவாடிக்காரன் எதுக்கு ரொம்பப் பயப்படுவான்?" என்று கேட்டாள் அண்ணி.

"பொண்டாட்டிக்கு."

"அதுக்கு அடுத்தபடியா?"

அவளைப் பார்த்தேன். அவள் ஷட்டரின் கீழ் இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குதித்தேன்.

"நெருப்புக்கு! அண்ணி, உங்க காலைக் குடுங்க, தொட்டுக் கும்பிடறேன்."

"அப்புறம் கும்பிடலாம். அந்தப் பழைய டயர் டியூபை எடுங்க."

டியூபை ஒரு இடத்தில் வெட்டி, ஒரு முனையை வண்டியின் சைலன்சர் வாயில் மாட்டிக் கம்பியால் இறுக்கினோம். இன்னொரு முனையை ஷட்டருக்குக் கீழே வெளியே தள்ளினோம். மாட்டுவதற்கு முன் சைலன்சருக்குள் அண்ணி ஒரு குவளை எஞ்சின் ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருந்தாள். உதைத்தேன். எஞ்சின் பிடித்தது. சைலன்சர் சூடேற ஏற, வெளியே வெள்ளையும் கறுப்புமாகப் புகை கிளம்பியிருக்க வேண்டும். ஏனென்றால் உள்ளே கசிந்த கொஞ்சத்துக்கே எனக்குக் கண்ணில் நீர் கொட்டியது. மூக்கை மழை கோட்டால் பொத்திக்கொண்டு ஹாரனை விடாமல் அழுத்தினேன். ரப்பர் தீயும் நாற்றம் வேறு.

தலை சுற்றத் தொடங்கியது. இதில் பிழைத்தால் இனி லிஃப்டில் ஏறுவேன் என்றுகூட வேண்டிக்கொண்டேன். சட்டென்று ரம்பம் நின்றது.

"தீ! கோடவுன்ல தீ!"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஓடி வரும் கால்கள், தண்ணீர் வாளிகள், ஷட்டரின் கீழே ஒரு வாளித் தண்ணீர் என் முழங்கால் வரைக்கும். கடப்பாரையால் பூட்டை நெம்பி, ஷட்டரைத் தூக்கினார்கள். நான் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாய்ந்து வெளியே போய், காற்று என்று ஒன்று இருக்கிறதே, அதை வாயைப் பிளந்து விழுங்கினேன்.

"யோவ், தீ எங்கய்யா?" என்றார் வாளியோடு நின்ற மரவாடி மேஸ்திரி.

"வந்துக்கிட்டே இருக்கு," என்றேன்.

எதிர் வீட்டிலிருந்து சாப்பிட்ட கையோடு தலைவர் ஓடி வந்தார். அதே நேரம் தெருமுனையில் போலீஸ் வேனும் திரும்பியது. கோர்ட்டுக்குப் போகிற வழியில் வண்டியையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வேனின் பின்னால், கம்பி வலைக்குள், கைவிலங்கோடு மெக்கானிக். சாட்சி என்று கூடவே அழைத்து வரப்பட்ட அவர் மனைவி முன் சீட்டிலிருந்து இறங்கினாள். வேனின் பின்பக்கம் பார்க்காமல், நேராக அண்ணியிடம் வந்தாள்.

"போட்டுட்டேன் அக்கா," என்றாள். "நீங்க வரவே இல்லை. நீங்களும் அவர்தான்னு முடிவு பண்ணிட்டீங்க, அதான் என் மூஞ்சியில முழிக்க முடியாம வரலைன்னு நெனைச்சு, போட்டுட்டேன்."

அண்ணியின் முகம் ஒரு கணம் சுண்டிவிட்டது. அவள் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் கையை இறுகப் பிடித்து, "இங்கயே நில்லு," என்று மட்டும் சொன்னாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள்.

"என் கோடவுனை நாறடிச்சுட்டீங்களே!" என்று தலைவர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க தலைவரே. எல்லாம் இவனால வந்தது." அண்ணி என்னைக் காட்டினாள். "நீங்க சொன்ன சாட்சியை நம்ப மாட்டேங்கறான். இந்தப் பழைய ஓட்டை வண்டியில எல்லாம் எஞ்சினை அணைச்சா விளக்கு எரியவே எரியாதுங்கறான். பந்தயமே கட்டறான்."

நான் என்னைக்குப் பந்தயம் கட்டினேன்? ஆனால் இத்தனை வருஷப் பழக்கத்தில், அண்ணி என்னை முட்டாளாக்கினால் முட்டாளாக நிற்க வேண்டும் என்று கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"ஆமா, எரியாது," என்றேன் இருமிக்கொண்டே. "இதெல்லாம் காயலான் கடைச் சாமான்."

தலைவருக்கு மூக்கு விடைத்தது. "எதுடா காயலான் கடை? தொழிற்சாலையில எப்படிப் பொறந்துச்சோ, அப்படியே ஒரு வயர் மாறாம வெச்சிருக்கேன்! இருங்க!"

விடுவிடுவென்று போய், தன் வீட்டு முகப்பில் நின்ற பச்சை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெருமை பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது மனிதன் எங்கே போகிறோம் என்று பார்ப்பதில்லை. எல்லோருக்கும் நடுவில் நிறுத்தினார். எஞ்சின் ஓடவில்லை. சாவியைத் திருப்பினார். விளக்கு மஞ்சளாக, நிதானமாக எரிந்தது. மரவாடி ஆட்கள் 'அட' என்றார்கள்.

"பாத்தியா? இப்படியே நாள் பூரா எரியும்!"

"அழகா இருக்கு," என்றாள் அண்ணி. "அன்னைக்கும் இப்படித்தான் எரிஞ்சுதா தலைவரே?"

"இதே மாதிரிதான்! அச்சு அசல் இதே வெளிச்சம்!"

"இன்ஸ்பெக்டர் சார், கேட்டுக்கிட்டீங்களா? இப்ப மெக்கானிக் வண்டியைப் பாக்கலாம், வாங்க."

இன்ஸ்பெக்டரே போய் ஸ்விட்சைப் போட்டார். இருட்டு. அண்ணி கறுப்புப் பெட்டியைத் திறந்து, சீப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"பேட்டரி எங்கடா?" என்று தலைவர் வேனைப் பார்த்துக் கத்தினார். குரல் பாதியிலேயே உடைந்துவிட்டது.

"எடுத்து நாலு வருஷமாச்சு தலைவரே," என்று கம்பி வலைக்குள்ளிருந்து மெக்கானிக் சொன்னார். "எஞ்சின் ஓடினாத்தான் எரியும். உங்ககிட்ட எத்தனையோ தடவை வந்து பாருங்கன்னு சொன்னேன். ஒரிஜினல் வயரை வெட்டினவன் வண்டியைத் தொட மாட்டேன்னுட்டீங்க."

இன்ஸ்பெக்டர் தலைவரின் வண்டியைச் சுற்றி வந்து, புதுசாகப் பெயிண்ட் அடித்த முன் மட்கார்டை விரலால் தடவிப் பார்த்தார். தலைவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வேணும்னு பண்ணலை," என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "திடீர்னு குறுக்க வந்துட்டான். ரெண்டு பேருக்கும் சண்டைன்னு ஊருக்கே தெரியும். அதான் அப்படிச் சொல்லிட்டேன்."

சொல்லிட்டேனாம். ஒரு குடும்பத்தை நடுவில் கிழித்துப் போட்டதற்கு ஒரு சொல்லிட்டேன்! அவரை ஒரு அறை அறையலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வேனின் பின் கதவைத் திறந்து விலங்கைக் கழற்றினார். "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்," என்றார், கொஞ்சம் அசடு வழிய. மெக்கானிக் இறங்கவில்லை. மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு, கதவுக்கு எதிரே நின்ற மனைவியைப் பார்த்தார். ஒரு வாரத்தில் இப்போதுதான் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்க்கிறார்கள்.

"கையெழுத்துப் போட்டுட்டியாமே?"

"ஆமாங்க."

"நான் செஞ்சிருப்பேன்னு நம்பினியா?"

இல்லை என்று சொல்லிவிடு தாயே என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன். இதுகூடத் தெரியாதா, இந்த மாதிரி நேரத்தில் ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

"நம்பினேங்க," என்றாள் அவள். "நேத்து ராத்திரியில இருந்து பாதி நம்பினேன். கையெழுத்துப் போடும்போது முழுசா நம்பினேன்."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். மரவாடி ஆட்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள்.

"கோவமா இருக்கு," என்றார் அவர், நிமிர்ந்து. "இன்னைக்கோ நாளைக்கோ போற கோவம் இல்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும்." பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். "ஏறு. உங்கண்ணன் கண்ணு முழிக்கும்போது நாம ரெண்டு பேரும் அங்க இருக்கணும்."

அவள் ஏறி உட்கார்ந்ததும்தான் அழுதாள். ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். அவர் அவளைத் தொடவில்லை, தேற்றவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "சார், ஸ்டேஷன் அப்புறம். முதல்ல ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றார்.